நான்காம் வகுப்பில் நம் பிள்ளைகள்



மும்பையிலிருந்து மத்திய இரயில்வே வழியாகக் கல்யாணைக் கடந்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு சென்றால் அம்பர்நாத் என்னும் ஊரை அடையலாம். காலை நேரத்தில் அந்நிலையத்தின் வாயிலில் நின்று பார்ப்போர், மக்கள் வெள்ளம் இரண்டு ஒன்றையொன்று கடந்து செல்வதைக் காண்பர். ஒன்று, மும்பை வண்டியைப் பிடிக்க விரையும் தொழிலாளரும் அலுவலரும். மற்றொன்று, புத்தகப் பையைத் தோளில் சுமந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள். தந்தை ஒரு திசையில் போகிறார். பிள்ளை மறு திசையில் போகிறது. மாலையில் இருவரும் வீடு திரும்பும்பொழுது, தந்தை கொண்டுவருவது இன்னதென்று வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். பிள்ளை கொண்டுவருவது இன்னதென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

அம்பர்நாத் பழமையும் புதுமையும் கலந்த ஊர். சிலாஹார மன்னர் காலத்தில், சக ஆண்டு 982இல், அதாவது கி.பி. 1060இல் எழுந்த சிவன் கோயில் இவ்வூருக்குப் பெயர் தந்தது. தஞ்சைப் பெரிய கோயில் நிறைவெய்தி ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் எழுந்த கோயில் அது என்றால், அதன் காலம் தமிழர்க்கு எளிதில் விளங்கும். இருபதாம் நூற்றாண்டில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும், படைக்கலத் தொழிற்சாலையும், அவற்றைத் தொடர்ந்து வேறு பல ஆலைகளும் இங்கே தோன்றின. வேலை தேடிப் பல மாநிலத்தார் வந்தனர். அவர்களோடு நம்மவரும் வந்தனர்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழருக்குத் தமிழ் ஒலிக்கும் தெருவேனும் உண்டு. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. அம்பர்நாத்தோ அம்மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே, தானே மாவட்டத்தில் உள்ள ஊர். இங்கே ஒரு கட்டடத்தில் இருபது குடும்பங்கள் இருந்தால், தமிழ்க் குடும்பம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆகவே பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி எழும்பொழுது, பலரும் ஆங்கில வழிப் பள்ளியை நாடுகின்றனர். அவற்றுள்ளும் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த பள்ளிகளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஒழுங்கு இருக்கும், ஆங்கிலம் நன்றாக வரும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. அம்பர்நாத்திலே பாத்திமா உயர்நிலைப் பள்ளி என்ற பெயரை அறியாதவர் அரியர்.

பாத்திமா என்பது போர்த்துகல் நாட்டு ஊர். 1917ஆம் ஆண்டில் அங்கே ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு அன்னை மரியாள் காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். மூவரில் மூத்தவள் லூசியா. அவளுக்கு வயது 10. எழுத்தறியாத அச்சிறுமிக்கு, படிக்கக் கற்றுக்கொள் என்னும் கட்டளையும் அக்காட்சியில் கிடைத்தது என்பது அவர்கள் மரபு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். படிக்கக் கற்றுக்கொள் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நான்காம் வகுப்பை மட்டும் தனியே எடுத்துப் பேசுவது ஏன் என்று சிலர் வினவலாம். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜீன் சால் என்னும் அம்மையார், குழந்தைகள் வாசிக்கப் பழகும் படிகளை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அதுவரை புத்தகத்திலே வந்தவை பிள்ளை முன்பே காதால் கேட்டறிந்த சொற்கள். நான்காம் வகுப்பிலோ, வாழ்நாளில் கேட்டிராத சொற்கள் ஏட்டிலிருந்து நேரே மனத்துள் புகுகின்றன. அந்தப் படியில் எந்த மொழி பிள்ளையின் கையில் ஏடாக இருக்கிறதோ, அந்த மொழியே அதன் அறிவு மொழியாகிறது. வாயளவில் நின்ற மொழி, அடுக்களை மொழியாகவே நின்றுவிடும் அச்சம் உண்டு.

அப்பிள்ளை அவ்வகுப்பில் கற்பவைதாம் எவை? ஆங்கிலம், மராட்டி, கணக்கு, சுற்றுச்சூழல் கல்வி ஆகியவை முதன்மையானவை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி உண்டு. பிற சமயப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் மராட்டி. மகாராஷ்டிர அரசு 2020இல் இயற்றிய சட்டத்தின்படி, எந்த வழியில் கற்பிக்கும் பள்ளியாயினும் மராட்டி கட்டாயப் பாடம். 2025ஆம் ஆண்டில் இந்தியையும் முதல் வகுப்பிலிருந்தே மூன்றாம் மொழியாகக் கற்பிக்க அரசு ஆணைகள் பிறப்பித்தது. மக்களிடையே எதிர்ப்பு எழவே, ஜூன் 29ஆம் நாள் அவற்றைத் திரும்பப் பெற்றது. மராட்டியைப் பற்றி நம்மவரிற் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அது முறையன்று. நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி அது. மேலும் அது தமிழ்ப் பிள்ளைக்கு அத்துணை அயலானதும் அன்று. அக்கா என்றும் அண்ணா என்றும் மராட்டியரும் அழைக்கின்றனர். நம் ளகர ஒலி மராட்டியிலும் உண்டு. வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் அவ்வொலிக்குத் தடுமாறும்பொழுது, தமிழ்ப் பிள்ளை அதனை எளிதாக ஒலித்து ஆசிரியையின் பாராட்டைப் பெறுவதை நாமே கண்டிருக்கிறோம்.

அடுத்தது கணக்கு. பெருக்கல், வகுத்தல், சுற்றளவு முதலியவற்றோடு பின்னமும் இவ்வகுப்பிற் பயிலப்படுகிறது. பள்ளியிலே ஆங்கிலப் பெயர்களால் பின்னத்தைக் கற்கும் பிள்ளை, மாலையில் தாயுடன் காய்கறிக் கடைக்குச் செல்கிறது. அங்கே கடைக்காரர் கால் கிலோவைப் பாவ் என்கிறார். முக்காலைப் பாவுண் என்கிறார். ஒன்றேகாலுக்குச் சவ்வா, ஒன்றரைக்குத் தீட், இரண்டரைக்கு அடீச் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார். வீட்டிலே நாம் கால், அரை, முக்கால் என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் அரைக்கால், மாகாணி என்று இறங்கி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கான முந்திரி வரையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். ஒரே அளவுக்கு மூன்று மொழிகளில் பெயரறிந்த பிள்ளைக்குப் பின்னம் என்பது பெயரன்று, அளவே என்பது தானே விளங்கிவிடுகிறது. இந்த நன்மையை ஒற்றை மொழிச் சூழலில் வளரும் பிள்ளை பெறுவதரிது.

மூன்றாவதாக நாட்டு வரலாறு. பூனாவில் 1967இல் தோன்றிய பாலபாரதி என்னும் பாடநூல் நிறுவனத்தின் நூல்களே அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளிற் பயன்படுவன. பல பத்தாண்டுகளாக மகாராஷ்டிரத்தில் நான்காம் வகுப்பு என்றாலே சத்ரபதி சிவாஜியின் வரலாறு என்று பொருள். 1630இல் சிவனேரிக் கோட்டையிற் பிறந்தது, அன்னை ஜீஜாபாய் கதை சொல்லி வளர்த்தது, 1674இல் ராய்கட்டில் முடிசூடியது ஆகியவற்றைப் பிள்ளைகள் கண்கள் விரிய ஒப்பிப்பார்கள்.

இந்தப் பாடத்தைப் பிறர் வீட்டுக் கதையாக நம் பிள்ளைகள் கருத வேண்டியதில்லை. 1677இல் சிவாஜி தென்னாட்டின்மீது படையெடுத்து வந்து செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய தம்பி வெங்கோஜி தஞ்சையில் ஆட்சி தொடங்கினார்; அம்மரபு 1855 வரையில் அங்கே நிலைத்தது. அம்மரபினரான இரண்டாம் சரபோஜி மன்னர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் மராட்டிச் சுவடிகள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலே போன்ஸலே குடும்ப வரலாறு 1803இல் மராட்டி மொழியிற் பொறிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. விடுமுறைக்கு ஊர் செல்லும் தமிழ்ப் பெற்றோர் ஒருமுறை திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சிக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றால், நான்காம் வகுப்புப் பாடம் அதன் சொந்தப் பாடமாகிவிடும்.

நான்காவதாக, இப்பள்ளிகளுக்கே உரிய பகுதிக்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில் எந்த மாணவரையும் அவர்தம் காப்பாளரின் இசைவின்றிச் சமயக் கல்வியில் ஈடுபடுத்தலாகாது என்று விதிக்கிறது. எனவே மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே நடைபெறுகிறது. பத்துக் கட்டளைகள், ஏழு அருட்சாதனங்கள், இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டின் பொருள் ஆகியவை அதில் அடங்கும். பத்தாம் பயஸ் என்னும் திருத்தந்தை 1910இல் விடுத்த ஆணை, நன்மை தீமை அறியும் பருவம் ஏறத்தாழ ஏழு வயதிலே தொடங்குகிறது என்று வகுத்தது. அதன் பின்னரே சிறு பிள்ளைகளுக்குப் புதுநன்மை வழங்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. புதுநன்மைக்கு முன்னே பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்கு முன்னே தன் நெஞ்சைத் தானே துழாவிப் பார்க்க வேண்டும். அதனை ஆன்ம சோதனை என்பர். இன்று யாரிடம் பொய் சொன்னேன், யாருடைய பொருளை எடுத்தேன், யாரை நோகச் செய்தேன் என்று பிள்ளை இரவிலே எண்ணிப் பார்க்கிறது.

அதே நேரத்தில் நன்னெறி வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும், சமயச் சார்பின்றி, ஏறத்தாழ இதே பயிற்சி அளிக்கப்படுகிறது. வாய்மை, மன்னிப்பு கேட்டல், எளியோர்க்கு உதவுதல் ஆகியவை கதைகளாலும் உரையாடலாலும் உணர்த்தப்படுகின்றன. தன் நெஞ்சறிவது பொய்யற்க என்று குறள் வழி நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். இப்பயிற்சி எங்கள் வீட்டில் விளைத்த ஒரு நிகழ்ச்சியை இங்கே கூற வேண்டும். அது எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் பிறர்க்குப் பயன்படும்.

எங்கள் மகளை முதல் வகுப்பிற் சேர்த்த ஆண்டில், ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் எங்களை அழைத்து, வீட்டிலே பிள்ளையுடன் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று அறிவுரை கூறினார். அவர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். நாங்களும் அஞ்சிப்போய் அவ்வாறே செய்தோம். தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கலாம் என்று வாங்கி வைத்திருந்த அரிச்சுவடி அலமாரியின் மேல்தட்டிற்குச் சென்றது. மகள் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள், பேசவும் பேசுவாள். எழுத்து ஒன்றும் அறியாள்.

திருநெல்வேலிச் சீமையிலே அவளுடைய ஆச்சி இருக்கிறார். தொலைபேசியிற் பேசும்போதெல்லாம், பிள்ளை தமிழ் படிக்கிறாளா என்று கேட்பார். படிக்கிறாள் என்று சொல்லிவிடுவோம். ஒருமுறை, அவள் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள் என்றார். என்ன செய்வது? நாங்களே நான்கு வரி எழுதி, அதைப் புள்ளிகளாக இட்டுக் கொடுத்தோம். அவள் கோலம் போடுவதுபோல் புள்ளிகளை இணைத்தாள். ஆச்சி அக்கடிதத்தைச் சாமி படத்தருகே வைத்து, வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டினாராம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மகள் நான்காம் வகுப்பிற்கு வந்தாள். ஓரிரவு உறங்கப் போகுமுன், அன்று நன்னெறி வகுப்பில் கேட்டதை எண்ணிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கேட்டாள்: “அப்பா, வாயால் சொன்னால்தான் பொய்யா? செய்து காட்டினாலும் பொய்யா?” செய்து காட்டினாலும் பொய்தான் என்றோம். “அப்படியானால் ஆச்சிக்கு நாம் அனுப்பிய கடிதம் பொய்தானே? அதை எழுதியது நான் இல்லையே” என்றாள்.

எங்களுக்கு விடை வரவில்லை. பள்ளி அவளுக்கு மனச்சான்றைக் கற்பித்திருந்தது. அவள் அதனைக் கொண்டு எங்களைச் சோதித்துவிட்டாள். கத்தோலிக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளை என்ன கற்கிறது என்று எங்களைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வோம்.

அன்றிரவே அலமாரியின் மேல்தட்டைத் துழாவினோம். அந்த அரிச்சுவடி கிடைத்தது.

அப்பொழுதுதான் ஓர் உண்மையையும் எண்ணிப் பார்த்தோம். கத்தோலிக்கப் பள்ளியிலே தமிழில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள நமக்கு என்ன உரிமை? கத்தோலிக்கக் கல்விக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபொழுது, இரு மொழியும் அறிந்தோரைத் துணைகொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைத் தமிழிலேயே கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீடு சென்று தாய் தந்தையர்க்குக் கற்பிக்க வேண்டுமென்றும் பணித்தார். அவருக்குப்பின் வந்த ஹென்றிக் ஹென்றீக்கஸ், தமிழ் மக்களால் அண்டிரிக் அடிகளார் எனப்பட்டவர், தமிழைக் கற்று இலக்கணமும் எழுதினார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்திலே இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. அது யாது? ஞானோபதேச நூல்! இன்று அம்பர்நாத்தில் மறைக்கல்வி வகுப்பிலே பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் சிறு நூலுக்கு அது மூத்த உடன்பிறப்பு.

அயல் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், கற்பிக்க வேண்டுமானால் பிள்ளையின் தாய்மொழியே வழி என்று கண்டுகொண்டார்கள். தாய்மொழிக்காரராகிய நாமோ, ஓர் ஆசிரியை கூறிய ஒரு சொல்லுக்கு அஞ்சி அரிச்சுவடியை மேல்தட்டில் வைத்தோம். குறை யாரிடத்து?

சட்டத்தை நாடலாமே என்று சிலர் சொல்வர். 1956இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். நம்மவர் திரளாக வாழுமிடத்தில் அதனைச் சுட்டிக் கேட்பது கடமையும் ஆகும். ஆனால் ஒரு வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை இருக்கும் ஊரில், அவ்வொரு பிள்ளைக்காகத் தமிழாசிரியர் வருவதை எதிர்பார்த்திருக்க இயலுமா? மேலும், தொடக்கக் கல்வியின் வழிமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருடையது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் அவ்வுரிமையைப் பயன்படுத்தி ஆங்கில வழியைத் தேர்ந்தோம். தேர்ந்தவரே எஞ்சியதற்கும் பொறுப்பாளர்.

வீட்டிலே தமிழ் கற்பித்தால் ஆங்கிலம் கெடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் விளக்கிய கருத்து ஒன்றுண்டு. ஒரு மொழியிற் பெற்ற வாசிப்புத் திறம் மற்றொரு மொழிக்கும் உதவும். இரண்டும் ஒரே வேரிலிருந்து நீர் பருகும் கிளைகள் போன்றவை என்பது அதன் சாரம். இதனை எங்கள் வீட்டிலேயே கண்டோம். க என்னும் எழுத்தோடு கால் சேர்த்தால் கா ஆகும் என்று சொல்லத் தொடங்கினோம். மகள் இடைமறித்து, மராட்டியிலும் இப்படித்தான், அங்கே அதற்குக் கானா என்று பெயர் என்றாள். பள்ளியிற் கற்ற மராட்டி தமிழுக்கு ஏணியாகிவிட்டது! தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டுப் பலர் மலைக்கின்றனர். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் அறிந்து, உயிர்க்குறிகளையும் அறிந்தால், உயிர்மெய் 216 எழுத்துகளிற் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். தேவநாகரி அறிந்த பிள்ளைக்கு அந்த முறையே புதிதன்று.

அவள் தடுமாறிய இடங்களும் உண்டு. ழகரம் மராட்டியில் இல்லை. அதற்குப் பல நாள் பிடித்தது. குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் மாற்றி எழுதினாள். கொடு என்பதைக் கோடு என்று எழுதினாள். மராட்டி எழுத்திலே அக்குறில் நெடில் வேறுபாடு இல்லை. அப்பொழுது அவளுக்கு ஒரு செய்தி சொன்னோம். ஓலைச்சுவடிக் காலத்தில் நம்மவருக்கும் எ, ஏ மயக்கமும் ஒ, ஓ மயக்கமும் இருந்தன. அவற்றை வேறு பிரித்துக் காட்டும் எழுத்து முறையைத் தந்தவர் என்று போற்றப்படுபவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டிலே பிறந்து, 1747 வரை வாழ்ந்து தமிழுக்குச் சதுரகராதி செய்தளித்த கத்தோலிக்கத் துறவி. எங்கள் பள்ளிப் பாதிரியார் போன்றவரா என்று கேட்டாள். ஆம் என்றோம். மறுநாள் பள்ளியில் அதைத் தன் தோழியரிடம் பெருமையுடன் சொல்லி வந்தாள்.

நாள்தோறும் அரை மணி நேரம். அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. பள்ளிப் பாடம் முடிந்து, இரவு உணவுக்கு முன்னே அந்த அரை மணி. முதலில் வீட்டிலுள்ளோர் பெயர்கள். பிறகு ஊர்ப் பெயர்கள். பிறகு வந்த திருமண அழைப்பிதழ்கள். பிறகு சிறு கதைகள். வேலை முடிந்து வண்டியில் நின்றுகொண்டே வந்து களைத்த நாள்களில், இன்று வேண்டாமே என்று எங்களுக்குத்தான் தோன்றியது, அவளுக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் துணை வேண்டுவோர்க்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இருக்கிறது. மழலைக் கல்வியிலிருந்து சான்றிதழ்ப் படிப்புகள் வரையில் இணையவழி அது வழங்குகிறது. ஒரே ஊரில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வீட்டில் பிள்ளைகளைக் கூட்டலாம். நம் முன்னோருக்குத் திண்ணையே பள்ளியாக இருந்தது. அடுக்குமாடி வீட்டில் திண்ணை இல்லை. கூடம் இருக்கிறது, அது போதும்.

நான்காம் வகுப்பு ஆண்டு முடியுமுன், அவள் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினாள். புள்ளிகள் இல்லை. ஐந்தே வரிகள். அவற்றில் பிழைகள் ஏழு. திருத்தட்டுமா என்று கேட்டோம்; வேண்டாம், திருத்தினால் அது என் கடிதம் ஆகாது என்றாள். முதல் வரியிலேயே, முன்பு அனுப்பிய கடிதம் தான் எழுதியதன்று என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. முதியவர் வருந்துவாரே என்று எண்ணினோம்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. புள்ளிக் கடிதத்தைப் பார்த்த அன்றே தனக்குத் தெரியும் என்று ஆச்சி எழுதியிருந்தார். தம் மகனுடைய கையெழுத்தின் சாயலைத் தாய் அறியமாட்டாளா என்று கேட்டிருந்தார். பிள்ளை வருந்தக் கூடாதென்றே பேசாதிருந்தாராம். கடைசி வரியில், அடுத்த கடிதம் ஆறு வரி இருக்கட்டும் என்றிருந்தது. அதனை மகளே உரக்கப் படித்துக் காட்டினாள்.

அன்பர்களே! அயல் மாநிலங்களில் வாழும் நாம், பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் செல்வங்களை நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். ஆங்கிலம் தருகிறது, வாழும் மண்ணின் மொழியையும் வரலாற்றையும் தருகிறது, மனச்சான்றையும் தருகிறது. இவற்றுள் எதையும் நாம் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. தமிழை மட்டும் அது தரவில்லை. தரும் என்று அது நமக்கு வாக்களிக்கவுமில்லை. அது நம் பங்கு. நான்காம் வகுப்பு அப்பங்கைச் செலுத்தத் தகுந்த பருவம். அது கடந்துவிட்ட பிள்ளைகளுக்கும் காலம் போய்விடவில்லை. ஆனால் பாடச்சுமை ஆண்டுக்காண்டு ஏறும், அரை மணி கிடைப்பது அரிதாகும்.

இன்று மாலை வீடு திரும்பியதும் பிள்ளையை அருகே அழைத்து, பள்ளியில் என்ன கற்றாய் என்று கேளுங்கள். அது சொல்லி முடித்ததும், அதன் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் மகிழுங்கள். எழுதாவிட்டால், ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முதல் அரை மணி அப்பொழுதே தொடங்கட்டும்.